பனிச்சறுக்கு மாப்பிள்ளை

"எந்த லெவல்?" என்று பனிச்சறுக்குப் பலகை வாடகைக் கவுண்டரில் நின்ற பெண் கேட்டாள்.

என் கணவர் கையிலிருந்த படிவத்தைக் குனிந்து பார்த்தார். உயரம், சப்பாத்து அளவு, எடை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். எடையில் பத்து இறாத்தலைக் குறைத்து எழுதியதை நான் கண்டும் காணாதவள் போல நின்றேன். கடைசிக் கேள்விக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. புதியவர், ஓரளவு தெரிந்தவர், கைதேர்ந்தவர். பேனா முதலாவது கட்டத்துக்குப் போவதும் மூன்றாவதைப் பார்ப்பதுமாக அந்தரத்தில் நின்றது.

"எக்ஸ்பேர்ட்," என்றாள் எங்கள் மகள் ஷெரின், பின்னாலிருந்து. "அப்பா, வெக்கப்படாதேங்கோ. ஹீ யூஸ்ட் டு லிவ் ஹியர்," என்று கவுண்டர் பெண்ணுக்கும் அறிவித்தாள்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு வெள்ளைக்காரர் கூட என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வயதுப் பேத்தி ஈவா, தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, தாத்தாவின் கையைப் பிடித்து ஆட்டினாள். "தாத்தா, ஆர் யூ கோயிங் டு த வெரி டொப்?"

நான் முன்னால் போய் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினேன்.

"அவருக்கு முழங்கால் ஏலாது," என்றேன் மகளிடம். கவுண்டர் பெண்ணுக்கும் அதையே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "டொக்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார்."

அவருடைய முழங்கால்களுக்கு ஒரு குறையுமில்லை. தினமும் காலையில் மோர்னிங்சைட் பூங்காவை இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து, எனக்கு நடக்கப் பஞ்சி, சோம்பேறி என்று குறை சொல்லும் முழங்கால்கள் அவை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அளவு பார்க்கப் போட்டிருந்த இரவல் சப்பாத்துகளைக் கழற்றி, கொளுக்கிகளைப் பூட்டி, கவுண்டரின் மேல் வைத்தார்.

நல்லவேளை, அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

மரவீடு

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் பெயர் அமிர்தநாதன். நான் ஜெசிந்தா. இருவரும் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கர். ஒரே கோயிலில் பூசை கண்டவர்கள், ஆனால் கல்யாணத்துக்கு முன் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. சென்ற வாரம் எங்கள் வீட்டு வெப்ப இயந்திரம் சனவரியில் உயிரை விட்ட கதையை எழுதியிருந்தேன். அந்தக் குளிரை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் குளிரும் நினைவுக்கு வந்தது.

எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஷெரின் செய்த ஏற்பாடு இது. நாங்கள் டொராண்டோவில், அவள் கொஞ்சம் வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறாள். ஒரு வாரம் முழுக்கத் தொலைபேசியில் பூடகமாகச் சிரித்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களைக் காரில் ஏற்றி, நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓட்டி, ஜோர்ஜியன் வளைகுடாப் பக்கத்தில் ஒரு மலையடியில் இறக்கினாள்.

மலை என்று அவர்கள் சொல்கிறார்கள். நான் மலையில்லாத ஊரில் பிறந்தவள், அதனால் வாய் திறக்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு பெரிய மரவீடு. முழு மரங்களை அடுக்கிக் கட்டியது. பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்த சிலர் ஒன்றுகூடி, தாங்களே மரம் தறித்து, கல் சுமந்து, அந்தக் காலத்தில் கட்டியதாம். உள்ளே நடுக்கூடத்தில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய கல் அடுப்பு. சுவர் முழுக்கப் பழைய மரப்பலகைச் சறுக்குக் கட்டைகள், தோல் வார்கள், கம்பளிப் பாவாடையோடு மலையில் நிற்கும் பெண்களின் மங்கிய படங்கள். ஒரு பழைய லொறியின் இயந்திரத்தில் கயிற்றைக் கட்டி மனிதர்களை மேலே இழுத்த காலத்துப் படமும் இருந்தது. இப்போது கதிரைகள் கம்பியில் தொங்கிக்கொண்டு போகின்றன. வீடு மட்டும் அப்படியே இருக்கிறது என்று வாசலில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். மரமும் புகையும் நனைந்த கம்பளியும் கலந்த ஒரு மணம் அங்கே.

கார் அந்த முற்றத்தில் திரும்பியதுமே இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வீட்டை எனக்கும் தெரியும். கண்ணால் காணாமலே, கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும்.

"சப்ரைஸ்!" என்றாள் ஷெரின். "அப்பான்ட மலை!"

இரவல் கார், இரவல் கோட்

அந்த நாளில் கனடாவிலும் லண்டனிலும் இருந்து ஊருக்கு வந்த மாப்பிள்ளைப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாரும் ஒரு காரோடுதான் நிற்பார்கள். ஒரு கை கூரையில், மறு கை இடுப்பில். கார் யாருடையது என்று கேட்பது மரியாதையில்லை. ஒரே சிவப்புக் காரோடு மூன்று வேறு வேறு மாப்பிள்ளைகள் நின்ற படங்கள் எங்கள் தெருவுக்கு மட்டும் வந்திருக்கின்றன. கோட்டும் அப்படித்தான். தோள்மூட்டு முழங்கைக்கு அருகில் தொங்கும்.

எனக்கு இரண்டு படங்கள் வந்தன. முதலாவது லண்டன் மாப்பிள்ளை. கார், கோட், கறுப்புக் கண்ணாடி எல்லாம் முறைப்படி இருந்தன. அப்பாவுக்கு அவரை நன்றாகப் பிடித்துவிட்டது.

இரண்டாவது படம் அப்பாவின் கைக்கு வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது நாதனின் அக்கா என்னிடம் ஒரு கடித உறையை நேரே தந்தார். "தம்பி உம்மட்டைத்தான் குடுக்கச் சொன்னவன். பார்த்துப்போட்டு வீட்டிலை காட்டும்," என்றார்.

வீட்டுக்குப் போகுமுன்பே, கோயில் மதிலோரம் நின்று திறந்து பார்த்தேன். பனி. பனிக்கு நடுவே ஒரு மரவீடு, அதன் கல் புகைக்கூட்டிலிருந்து எழும் புகை. முன்னால் மெலிந்த ஒருவர், தன் உயரத்தைவிட உயரமான இரண்டு பலகைகளைப் பக்கத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று யோசிப்பவர் போல நின்றார்.

படத்தைத் திருப்பினேன். பின்பக்கம் நீல மையில் நெருக்கி எழுதியிருந்தது.

"இந்தப் பலகைகள் இங்குள்ள சமையல்காரருடையவை. எனக்கு இதில் ஓடத் தெரியாது. பின்னால் தெரியும் வீட்டின் குசினியில் கோப்பை கழுவுகிறேன். காகிதம் இன்னும் சரிவரவில்லை. இவையெல்லாம் தெரிந்தும் சம்மதம் என்றால் அறிவிக்கவும். சம்மதமில்லையென்றால் படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளலாம். பனி வடிவாக விழுந்திருக்கிறது."

நான் அதை மதிலோரத்தில் நின்றே மூன்று தரம் வாசித்தேன். மூன்றாவது தரம் வாசிக்கும்போது எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

சோற்றுப் பசை

முடிவு எனக்குத்தான் தெரிந்தது. அப்பாவுக்கு அது தெரிய வேண்டுமே!

என் அப்பா கோபக்காரர் இல்லை, ஆனால் கணக்காகப் பார்ப்பவர். கோப்பை கழுவுகிறவன், கனடாவில் இருக்கக் காகிதம் இல்லாதவன் என்று ஒரு வரி அவர் கண்ணில் பட்டால் போதும், நான் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

வீட்டுக்குப் போனதும் அடுப்படிக்குள் நுழைந்தேன். பானையிலிருந்து ஒரு பிடி சோறெடுத்து நசித்தேன். சுவரில் தொங்கிய பழைய கோயில் கலண்டரின் மட்டையைக் கழற்றி, படத்தின் பின்பக்கம் முழுக்கச் சோற்றுப் பசையைப் பூசி, மட்டையில் வைத்து அமத்தினேன். மேலே ஆட்டுக்கல்லின் குழவியையும் வைத்தேன். பின்னேரம் அப்பாவிடம் கொடுத்தபோது அது பிசகில்லாமல் ஒட்டியிருந்தது.

"என்ன மட்டையிலை ஒட்டியிருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"மடங்காமல் இருக்கத்தான்."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "பெடியன் கார் ஒண்டும் வைச்சிருக்கேல்லைப் போலை."

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். "கார் இரவலா இருக்கும் அப்பா, எல்லாரும் இரவல் காரோடைதானே நிக்கினம்? உந்தப் பனிச்சறுக்குப் பலகையை ஆர் இரவல் குடுப்பினம்? அது ஓடத் தெரிஞ்ச ஆக்களிட்டைத்தான் இருக்கும்."

அப்பா யோசித்தார். அந்த நியாயம் அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அவரே நாலு பேருக்கு அதைச் சொன்னார். கனடாவிலே மலையிலிருந்து சறுக்கி விளையாடும் மாப்பிள்ளை, பெரிய இடம் போலத் தெரிகிறது என்று. ஒரு மாதத்துக்குள் எங்கள் பகுதி முழுவதும் நாதன் "பனிச்சறுக்கு மாப்பிள்ளை" ஆகிவிட்டார்.

நான் மறுக்கவில்லை. எப்படி மறுப்பேன்?

வளர்ந்த கதை

சம்மதம் அறிவித்து, கல்யாணத்துக்காக நான் டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குக் காகிதம் சரிவந்திருந்தது. மலையை விட்டு வந்து, ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அந்த மட்டையை நான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். முதல் வாரத்திலேயே அவர் அதைக் கண்டு, கையிலெடுத்து, திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மாதா படமும் பழைய திகதிகளும்தான் இருந்தன. ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. புதுப் பெண்ணுக்கு எதையும் தானாகச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஷெரினின் ஞானஸ்நான விருந்தில் ஊரிலிருந்து புதிதாக வந்த என் சொந்தக்காரர் ஒருவர் இவரின் தோளில் தட்டினார். "என்ன அண்ணை, ஸ்கீ எல்லாம் விட்டாச்சோ? ஊரிலை உங்கட கதைதான்!"

இவர் முழித்தார். நான் இடியப்பத் தட்டோடு இடையில் புகுந்தேன். "இப்ப அவருக்கு நேரம் எங்கை? டபுள் ஷிப்ட் எல்லோ," என்று சமாளித்தேன். இவர் அன்று முழுக்க அதிகம் பேசவில்லை. பிள்ளை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை, அந்தக் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஷெரின் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் குளிர்காலத்தில் உங்கள் குடும்பம் என்ன செய்யும் என்று கேட்டார்கள். மற்றப் பிள்ளைகள் ஸ்கீ போவோம், கொட்டேஜுக்குப் போவோம் என்றார்களாம். என் பிள்ளை வாடிய முகத்தோடு வந்தாள். நான் மட்டையை எடுத்துக் காட்டினேன். "உன்ர அப்பா ஒரு காலத்திலை மலையிலையே இருந்தவர்," என்றேன். இருந்தவர் என்றுதான் சொன்னேன். மிச்சத்தை அவளே போட்டு நிரப்பிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒருநாளும் ஓம் என்றதுமில்லை, இல்லையென்றதுமில்லை. ஆம்பிளைகளுக்குப் புகழ்ச்சி கசக்குமா, உள்ளுக்குள் ரசிக்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். ஆகவே அந்தக் கதையைக் காப்பது என் பொறுப்பாகிவிட்டது. ஸ்கீ போக வேண்டும் என்று பிள்ளை கேட்ட ஒவ்வொரு குளிர்காலத்திலும் எனக்கு ஒரு சாட்டு ஆயத்தமாக இருந்தது. தடிமன் காய்ச்சல், கார் ரயர், கோயில் ஒளிவிழா, கடைசியில் முழங்கால்.

பின்கதவு

இனி, கவுண்டரில் பேனாவை வாங்கிய அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஈவாவைச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் விட்டோம். பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள், எல்லாருக்கும் பெரிய தலைக்கவசம். தரையில் ஓடும் ஒரு ரப்பர்ப் பட்டி அவர்களை மெதுவாக மேட்டுக்குக் கொண்டுபோனது. மேலே போய், பலகைகளின் முனையைக் குவித்து, வழுக்கி வந்து, விழுந்து, எழும்பி, மறுபடி வரிசைக்கு ஓடினார்கள். ஒரு பிள்ளையும் அழவில்லை. உயரத்திலிருந்து பெரியவர்கள் வளைந்து வளைந்து இறங்கும்போது பலகைகள் பனியைச் சீவும் சத்தம் வந்தது. வெயில் இருந்தது, காற்று இல்லை. கைகளைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்கக்கூடிய நாள்.

ஷெரினும் பலகைகளைப் பூட்டிக்கொண்டு கதிரையில் தொங்கிப் போய்விட்டாள். எங்களுக்குப் பனியில் நடக்கும் அகலச் சப்பாத்துகளைத் தந்திருந்தார்கள். டென்னிஸ் மட்டை அளவு இருக்கும். காலைப் பரத்தி வைக்காவிட்டால் நம் காலை நாமே மிதிப்போம். முதல் பத்து அடியில் நான் இரண்டு தரம் மிதித்தேன்.

"முழங்கால் எனக்கோ உமக்கோ?" என்றார் அவர். பகிடியாகச் சொன்னாலும் முகத்தில் சிரிப்பில்லை.

பைன் மரங்களுக்கு இடையால் போன பாதை வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுவந்து விட்டது. குப்பைத் தொட்டிகள், அடுக்கிய பால் பெட்டிகள், ஒரு கதவு, அருகில் சின்னச் சதுர யன்னல். யன்னலின் உட்பக்கம் நீராவி படிந்திருந்தது. உள்ளே கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது. அவர் நின்றுவிட்டார்.

"இந்தக் கதவு முந்திப் பச்சை," என்றார்.

நான் யன்னலுக்குக் கிட்டப் போனேன்.

"உந்த யன்னலுக்குக் கீழைதான் தொட்டி. நீராவியை முழங்கையாலை துடைச்சால் மலை தெரியும். திரும்ப மூடிப்போடும். ரெண்டு குளிர்காலம், ஜெசி. உந்த மலையை நான் ஒரு கோப்பை அகலத்திலைதான் பார்த்தனான்."

அவர் குரலில் கசப்பில்லை. ஆசையோடு சொன்னார். சமையல்காரர் நல்லவராம், ஞாயிறுகளில் இவருக்கென்று மீன் பொரித்து வைப்பாராம். பூசைக்குப் போக முடியாத மனிதன் மீனாவது தின்னட்டும் என்று. படம் எடுத்ததும் அவர்தானாம். இத்தனை வருடத்தில் இதெல்லாம் எனக்குச் சொன்னதில்லை.

"இதையெல்லாம் ஏன் முந்திச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீர் கேக்கேல்லையே," என்றார், நடக்கத் தொடங்கினார்.

அந்த இடத்தில் நான் எல்லாவற்றையும் பேசியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் மேட்டிலிருந்து ஈவா "தாத்தா, வோச் மீ!" என்று கத்த, இருவரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

இரண்டு பக்கக் கண்ணாடி

பின்னேரம் நாலு மணியிருக்கும். கல் அடுப்பருகே ஒரு மூலை எங்களுக்குக் கிடைத்தது. நனைந்த கையுறைகளை அடுப்பின் விளிம்பில் காயவைத்திருந்தோம். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் ரோல்ஸை ஒருவரும் காணாமல் பகிர்ந்துகொண்டிருந்தேன். தவக்காலம், இறைச்சி இல்லை; மற்றது அங்கே ஒரு சூப்பின் விலையை நான் பார்த்திருந்தேன். நாலு பெரிய குவளைகளில் சூடான சொக்லேற் மட்டும் அவர்களுடையது.

ஷெரின் பையிலிருந்து தட்டையான பொதி ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள். "ஹப்பி ஆனிவர்சரி," என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து திறக்கோணும்."

திறந்தோம். அந்தப் படம். பெரிதாக்கியது அல்ல, அதே படம். மட்டையில்லாமல், கறுப்புச் சட்டத்துக்குள், கண்ணாடிக்கு நடுவில். என் கையிலிருந்த ரோல்ஸ் தட்டுக்கு இறங்கியது.

"மட்டையிலிருந்து கழட்டப் பட்ட பாடு! தண்ணி கொதிக்கிற கேத்தில் ஆவியிலை ஒரு மணித்தியாலம் பிடிச்சனான்," என்றாள் பெருமையாக. "அம்மா, யூ நோ வட்? பின்னாலை அப்பான்ட ஹான்ட்றைற்றிங் இருக்கு. அதுதான் ரெண்டு பக்கமும் கண்ணாடி போடுவிச்சனான். எனக்கு உந்தக் கூட்டெழுத்து வாசிக்க வராது. வாசியுங்கோவன். லவ் லெற்றரோ?"

"ரீட் இட், அம்மம்மா!" என்றாள் ஈவா.

சட்டம் என் கைக்கு வந்தது. சோற்றுப் பசை சில எழுத்துகளைத் தின்றிருந்தது. ஆனாலும் வாசிக்கலாம். மகள் முகத்தில் அவ்வளவு சந்தோசம். அவள் அப்பாவின் மலை, அப்பாவின் பலகைகள். எதையாவது கட்டிச் சொல்ல வேண்டும் என்று என் மூளை பழக்கதோசத்தில் ஓடத் தொடங்கியது.

"கண்ணாடி அறையிலை விட்டிட்டன்," என்றேன்.

"அம்மா, கண்ணாடி உங்கட தலையிலை இருக்கு."

"எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சுப் பிள்ளை. ஒண்டும் விளங்கேல்லை."

அப்போது அவர் கையை நீட்டிச் சட்டத்தை வாங்கினார். அதைப் பார்க்கக்கூட இல்லை, மடியில் வைத்துக்கொண்டார். நெருப்பைப் பார்த்தபடி, பாடமாக, ஒரு சொல் பிசகாமல் சொல்லத் தொடங்கினார். பசை தின்ற சொற்களையும் சேர்த்துச் சொன்னார். பலகைகள் சமையல்காரருடையவை. ஓடத் தெரியாது. கோப்பை கழுவுகிறேன். காகிதம் சரிவரவில்லை. சம்மதம் என்றால் அறிவிக்கவும். பனி வடிவாக விழுந்திருக்கிறது.

"வெயிட்," என்றாள் ஷெரின். "அப்பா, நீங்கள் இஞ்சை டிஷ் கழுவினனீங்களோ?"

"ஓம்."

"அப்ப ஸ்கீ?"

"ஒருநாளும் போட்டதில்லை. அண்டைக்குப் படத்துக்குப் பிடிச்சதோடை சரி. முழங்காலுக்கும் ஒண்டுமில்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஐ வுட் ஹாவ்... நான் என்ன நினைக்கப்போறன் எண்டு நினைச்சனீங்கள்?"

அவர் சட்டத்தின் விளிம்பைப் பெருவிரலால் தடவினார். "உனக்கில்லைப் பிள்ளை. அம்மாவுக்கு வெக்கமா இருக்கும் எண்டுதான் பேசாமல் இருந்தனான். அவ மட்டையிலை ஒட்டி வைச்சிருந்ததைக் கண்டன். பிறகு ஆக்கள் எல்லாம் ஸ்கீ எண்டு கதைச்சினம். அப்ப விளங்கிச்சு. கோப்பை கழுவினவன் எண்டு அவ ஒருத்தருக்கும் தெரியவிட விரும்பேல்லை. சரி, அவ விருப்பப்படி இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

எனக்கு முகம் முழுக்கச் சூடேறியது. முப்பத்தைந்து வருடமாக நான் இந்த மனிதனைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். இவரோ முப்பத்தைந்து வருடமாக என் வெட்கத்தைப் பொறுத்துக்கொண்டு என்னோடு வாழ்ந்திருக்கிறார். காலையில் கவுண்டரில் பேனாவைப் பறித்தபோதும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவ்வளவு சனத்துக்கு முன்னால். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்தியது.

"உங்களுக்கு விசரே?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பினார்கள். "வெக்கத்திலையோ ஒட்டினனான்? அப்பா உதை வாசிச்சிருந்தால் அடுத்த கிழமையே லண்டன்காரனுக்கு ஓமெண்டிருப்பார். அதுக்குத்தான் ஒட்டினனான். கோயில் மதிலடியிலை நிண்டு மூண்டு தரம் வாசிச்சுப்போட்டுத்தான் ஒட்டினனான்!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "மூண்டு தரம் வாசிச்சனீரோ?"

"பின்னை? சம்மதமில்லையெண்டாலும் படத்தை வைச்சிரும், பனி வடிவா விழுந்திருக்கு எண்டு எழுதின மனிசனை நான் என்னெண்டு விடுறது?"

அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல முடிவாக இருந்திருக்கும். ஆனால் தவக்காலத்தில் பாதி உண்மை சொல்லிவிட்டு எழும்ப எனக்கு மனம் வரவில்லை.

"பிறகு பிறகு கொஞ்சம் வெக்கமும் சேர்ந்ததுதான்," என்றேன். "சனத்துக்கு முன்னாலை, பிள்ளைக்கு முன்னாலை. அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். அது என்ர பிழை. ஆனால் முதல் ஒட்டினது அதுக்கில்லை."

ஷெரின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. ஈவாவுக்குத் தமிழில் பாதிதான் பிடிபட்டிருக்கும். தேவையான பாதியை எடுத்துக்கொண்டாள்.

"தாத்தா, இஃப் யூ டோன்ட் நோ ஹௌ, யூ கேன் கம் டு மை கிளாஸ்," என்றாள்.

"வாறன்," என்றார் அவர். "நாளைக்கு வாறன்."

பிறகு எழுந்தார். நாலு குவளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு கையிலும் இரண்டிரண்டாகக் கோத்துக்கொண்டார். அப்படிக் கோக்கும் விதத்தை நான் வீட்டிலும் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், எங்கே படித்தவர் என்று நினைத்துப் பார்த்ததில்லை. "அப்பா, அவை வந்து எடுப்பினம், நீங்கள் இருங்கோ," என்றாள் ஷெரின். அவர் காதில் விழுத்தவில்லை. கூடத்தைக் கடந்து, சுவரில் தொங்கிய பழைய சறுக்குக் கட்டைகளுக்குக் கீழால் நடந்து, வழி கேட்காமல், குசினிக்குப் போகும் ஆடுகதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

வர நேரமெடுத்தது. வெளியே கதிரைகளை நிறுத்திவிட்டார்கள், மலையில் கடைசி ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். படத்தைச் சின்ன மேசையில், எழுத்துப் பக்கம் எங்களைப் பார்க்க, நான் நிமிர்த்தி வைத்தேன்.

திரும்பி வந்து அவர் என் பக்கத்தில், முன்பைவிட நெருங்கி உட்கார்ந்தார். சட்டைக் கை இரண்டும் முழங்கைவரை நனைந்திருந்தன. முகமும் ஈரமாக இருந்தது. குவளைகளைக் கழுவினாரா, முகத்தைக் கழுவினாரா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து நெருப்புக்கு நேரே காட்டினேன்.